குமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது?

மருத்துவமனைக் கட்டிடங்கள் எப்படி வடிவமைக்கப்படுகின்றன என்று சில மாதங்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வாசிப்பில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட ஒரு பொருளைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவே காற்றோ தூசியோ புகாதபடி அடைத்த இடைவெளி. அந்த இடைவெளிக்குள் மெல்லிய அலுமினியப் பட்டைகள். சட்டத்தில் இருக்கும் சின்னக் குமிழைத் திருப்பினால் பட்டைகள் சாயும். கண்ணாடி திறக்கும் அல்லது மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதை இன்டக்ரேட்டட் பிளைண்ட்ஸ் என்கிறார்கள். இதற்கு ஒரு பங்காளியும் உண்டு. சுவிட்சைப் போட்டால் தெளிவாகவும், அணைத்தால் மோரை ஊற்றியதுபோல மங்கலாகவும் ஆகிற மின்கண்ணாடி. புதிய ஐசியு அறைகளின் கதவு, நர்ஸ் மேசைக்கு எதிரே உள்ள சுவர், பரிசோதனை அறை என்று பல இடங்களில் இவை வந்துவிட்டன. இரண்டையும் சேர்த்து பிரைவசி கிளேஸிங் என்ற பெயரில் விற்கிறார்கள். நான் அந்தரங்கக் கண்ணாடி என்று எழுதிக்கொள்கிறேன்.

விற்பனைக் கையேடுகளைப் புரட்டினால் நாலு வாக்குறுதிகள் வரும். ஒன்று, துணித்திரையைவிட இது சுத்தம். இரண்டு, தொங்குகிற கயிறு இல்லாததால் ஆபத்து இல்லை. மூன்று, வெளிச்சமும் வெளிக்காட்சியும் கிடைக்கும். நான்கு, நோயாளிக்கு அந்தரங்கம் கிடைக்கும்.

முதல் இரண்டும் பெரும்பாலும் உண்மை. மூன்றாவது பாதி உண்மை. நான்காவதுதான் சிக்கல். ஆனால் பொருளுக்குப் பெயரே அந்த நான்காவதிலிருந்துதான் வந்திருக்கிறது.

திரைக்கு முன், திரைக்குப் பின்

இந்தக் கண்ணாடி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1859இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 'நோட்ஸ் ஆன் ஹாஸ்பிடல்ஸ்' நூலை வெளியிட்டார். அவர் பரிந்துரைத்த வார்டு ஒரு நீளமான கூடம். இரண்டு பக்கச் சுவர்களிலும் வரிசையாகக் கட்டில்கள், அவற்றுக்கு நடுவே உயரமான ஜன்னல்கள். சுமார் 30 பேர் படுக்கலாம். காற்று குறுக்கே ஓடும், வெளிச்சம் இரண்டு பக்கமும் விழும், தலைமைச் செவிலி ஓரிடத்தில் நின்றபடியே எல்லாரையும் பார்க்கலாம். லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் புதிய கட்டிடம் 1871இல் திறக்கப்பட்டபோது இந்த முறையில்தான் வார்டுகள் இருந்தன.

நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியின் ஜெனரல் வார்டுக்குள் ஒருமுறை போனவருக்கு இந்தக் கூடத்தை விளக்க வேண்டியதில்லை. அங்கே அந்தரங்கம் என்பது பச்சைத் துணி கட்டிய, சக்கரம் வைத்த மடக்கு ஸ்கிரீன்தான். வார்டுக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். அது வேறு கட்டிலில் மாட்டிக்கொண்டால், கூட இருக்கும் பெண்கள் இரண்டு பேர் ஒரு புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்தப் புடவையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பணமுள்ள நாடுகளில் ஸ்கிரீனுக்குப் பதில் கூரையில் தண்டவாளம் அடித்து, கட்டிலைச் சுற்றித் துணித்திரை தொங்கவிட்டார்கள். அந்தத் திரையின் மேல் ஒரு வழக்கு வந்தது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், சோதித்த 43 திரைகளில் 41இல் ஒரு முறையாவது நோய்க்கிருமிகள் காணப்பட்டன. புதிதாக மாட்டிய 13 திரைகளில் 12, ஒரே வாரத்துக்குள் கிருமி ஏறிவிட்டன. காரணம் எளிது. நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவுகிறோம். கழுவிய அதே கையால் திரையை இழுத்துவிட்டு நோயாளியைத் தொடுகிறோம். திரையை யாரும் தினமும் துவைப்பதில்லை.

திரையில் கிருமி இருப்பதும், அந்தத் திரையால்தான் ஒருவருக்குத் தொற்று வந்தது என்பதும் ஒன்றல்ல. அந்த இடைவெளியைக் கையேடுகள் ஒரே தாவாகத் தாண்டிவிடுகின்றன. ஆனாலும் துணியைவிடக் கண்ணாடியைத் துடைப்பது எளிது என்பதில் சந்தேகமில்லை. பட்டைகள் கண்ணாடிக்குள் அடைபட்டிருப்பதால் அவற்றில் தூசி படியாது. கை படுவது குமிழில் மட்டும்தான், அதைத் துடைத்தால் போதும். சுத்தம் பற்றிய வாக்குறுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொரு பக்கம், 2006இல் அமெரிக்க மருத்துவமனைக் கட்டிட வழிகாட்டி நெறிகள், புதிதாகக் கட்டும் பொது மருத்துவ, அறுவை வார்டுகளில் ஒருவருக்கு ஓர் அறை என்பதையே அடிப்படை அளவாக வைத்தன. தொற்று குறையும், தூக்கம் கிடைக்கும், பேச்சு வெளியே போகாது. நல்ல காரணங்கள்தான். ஆனால் தனி அறைக்குச் சுவர் உண்டு. சுவருக்குப் பின்னால் இருப்பவரை நர்ஸால் பார்க்க முடியாது. அதனால் சுவரைக் கண்ணாடியாக்கினார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே நர்ஸுக்கு ஒரு சின்ன மேசை, அங்கிருந்து இரண்டு நோயாளிகளையும் பார்க்க ஆளுக்கொரு ஜன்னல். இப்போது நோயாளி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறார். அதனால் கண்ணாடிக்குள் பிளைண்ட்ஸ்.

ஒரு பிரச்சினைக்குச் சொன்ன தீர்வு அடுத்த பிரச்சினையைக் கொண்டு வந்தது. அதற்கு ஒரு தீர்வு. இந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்பதுதான் நம் குமிழ்.

மரம் தெரிந்த ஜன்னல்

மூன்றாவது வாக்குறுதிக்கு ஆதாரமாகக் கிட்டத்தட்ட எல்லாரும் காட்டுவது ஒரே ஒரு கட்டுரையை. ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. பென்சில்வேனியாவில் ஒரு புறநகர் மருத்துவமனை. 1972 முதல் 1981 வரை அங்கே பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்து, வயது, பால், புகைப்பழக்கம் போன்றவை ஒத்துப்போகிறவர்களாக 23 ஜோடி சேர்த்தார். ஜோடியில் ஒருவரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவரின் ஜன்னலுக்கு வெளியே பழுப்பு நிறச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்தவர்கள் அறுவைக்குப் பின் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. மரம் பார்த்தவர்கள் வலுவான வலி மருந்துகளையும் குறைவாகவே வாங்கினார்கள்.

நல்ல கட்டுரை. 46 பேரை வைத்து எழுதப்பட்டது என்பதை மறக்காமல் வாசித்தால் இன்னும் நல்ல கட்டுரை. ஆனால் கண்ணாடி விற்கிறவர்கள் இதைக் காட்டும்போது ஒரு விஷயம் காணாமல் போய்விடுகிறது. இரண்டு குழுவுக்கும் ஜன்னல் இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணாடிதான். வேறுபட்டது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது மட்டுமே. இலை உதிர்ந்த காலத்துப் பதிவுகளைக்கூட உல்ரிச் சேர்க்கவில்லை. மே முதல் அக்டோபர் 20 வரை, மரத்தில் இலை இருந்த மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அப்படிப் பார்த்தால், நடைபாதையைப் பார்த்த கண்ணாடிச் சுவருக்கு இந்தக் கட்டுரை எந்தச் சான்றிதழும் தரவில்லை. அந்தக் கண்ணாடி வழியே நோயாளி பார்ப்பது மரத்தை இல்லை. தள்ளுவண்டிகளை, யாருடைய உறவினர்களையோ, தன்னைப் பார்த்துக்கொண்டு போகிற முகங்களை. வெளிச்சுவர் ஜன்னலுக்குக் கிடைத்த நற்பெயரை உட்சுவர்க் கண்ணாடிக்கும் எழுதிக் கொடுப்பது சரியில்லை. இதனால்தான் பாதி உண்மை என்றேன். வெளிச்சுவர் ஜன்னலில் உள்ளடங்கிய பிளைண்ட்ஸ் நல்லதே. வெயிலைத் தடுக்கலாம், வேண்டும்போது வானத்தைப் பார்க்கலாம். உட்சுவர் வேறு கதை.

பார்க்கப்படுவதும் சிகிச்சைதான்

இந்த இடத்தில் என்னைப் போன்ற வாசகர்கள் செய்யக்கூடிய ஒரு சுலபமான காரியம் உண்டு. ஃபூக்கோ பெயரைச் சொல்லி, கண்காணிப்பு என்ற சொல்லைப் போட்டு, கண்ணாடியைச் சிறை என்று எழுதி முடித்துவிடலாம். அப்படி முடிக்க முடியாமல் செய்தது வேறொரு கட்டுரை.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் மருத்துவ ஐசியுவில் 2008இல் சேர்க்கப்பட்ட 664 பேரைப் பற்றியது அது. 2010இல் 'செஸ்ட்' இதழில் வந்தது. நர்ஸ் மேசையிலிருந்து நன்றாகத் தெரிகிற அறைகள், சரியாகத் தெரியாத அறைகள் என்று பிரித்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் மிக மோசமான நிலையில் வந்தவர்களை மட்டும் தனியே எடுத்தால், தெரியாத அறைகளில் இறந்தவர்கள் 82.1 சதவீதம், தெரிகிற அறைகளில் 64.0 சதவீதம். ஒரே மருத்துவமனை, அந்தப் பிரிவில் இருந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் படித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போக முடியவில்லை. மானிட்டர் சத்தம் போடுவதற்கு முன்னாலேயே மூச்சு விடுகிற விதம் மாறியதைக் கவனிக்கிற கண் ஒன்று வேண்டும். ஐசியுவில் கிடக்கும் ஒருவருக்குப் பார்க்கப்படுவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

ஆக, கண்ணாடியை எடுத்துவிட்டுச் சுவர் கட்டு என்று சொல்ல நான் தயாராக இல்லை. பார்ப்பதா வேண்டாமா என்பது இங்கே கேள்வி இல்லை. எப்போது, யார், யார் கேட்டு? இதைத்தான் கண்ணாடி தீர்த்து வைப்பதாகச் சொல்கிறது. எப்படித் தீர்க்கிறது என்று பார்க்க, கண்ணாடியை விட்டுவிட்டுக் குமிழைப் பார்க்க வேண்டும்.

ஜெரமி பெந்தம் 1787இல் எழுதி 1791இல் வெளியிட்ட பனாப்டிகான் திட்டம் பலருக்கும் தெரிந்ததே. வட்டமான கட்டிடம், சுற்றிலும் அறைகள், நடுவில் காவலர் கூடு. அதைச் சிறை என்று மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். நூலின் தலைப்புப் பக்கத்திலேயே அது மருத்துவமனைக்கும் மனநலக் காப்பகத்துக்கும் பள்ளிக்கும் பொருந்தும் என்று பெந்தம் பட்டியல் போட்டிருக்கிறார். இன்னொரு சின்ன விவரம் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. பெந்தமும் பிளைண்ட்ஸ் கேட்கிறார். அவர் மாட்டச் சொன்னது காவலர் கூட்டின் ஜன்னல்களில். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம். அறைகளில் இருப்பவர்களுக்கு அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. பிளைண்ட்ஸ் மறைப்பதற்குத்தான். யாரை மறைக்கிறது என்பது, அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெந்தமுக்கு இது துல்லியமாகத் தெரிந்திருந்தது. இன்றைய கையேடுகளில் இந்தக் கேள்வியே இல்லை.

வெளிப்பக்கக் குமிழ்

உள்ளடங்கிய பிளைண்ட்ஸை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் இயக்கும்படி வாங்கலாம். இரண்டு பக்கத்திலிருந்தும் இயக்கும்படியும் வாங்கலாம். குமிழுக்குப் பதில் சாவி போட்டுத் திருப்புகிற மாதிரியும் உண்டு. மோட்டார் வைத்து, சுவிட்சிலோ ரிமோட்டிலோ இயக்குகிற மாதிரியும் உண்டு. தொழில்நுட்பம் யாருடைய கையையும் கட்டிப்போடவில்லை.

என் சித்தி ஓர் அறுவைக்குப் பின் நாலு நாள் தனியார் மருத்துவமனை ஒன்றில் இருந்தார். அறைக் கதவு கண்ணாடி, உள்ளே பிளைண்ட்ஸ், பளபளவென்று நன்றாகவே இருந்தது. குமிழ் நடைபாதைப் பக்கம் மட்டும்.

"டேய், அதக் கொஞ்சம் மூடச் சொல்லுடா. போறவன் வர்றவன் எல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போறான்" என்றார் சித்தி.

வெளியே போய் சிஸ்டரிடம் கேட்டேன். "ரவுண்ட்ஸ் முடியட்டும் சார், மூடிடறேன். இப்ப மூடினா டாக்டர் கேப்பாரு" என்றார். ரவுண்ட்ஸ் முடிந்தது, மூடவில்லை. அவருக்கு ஆறு அறை, ஆறு பேர், மருந்து நேரம். நானே போய்த் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஷிஃப்ட் மாறி வந்த வேறொரு சிஸ்டர், உள்ளே யாரும் தெரியவில்லையே என்று திறந்துவிட்டுப் போனார். அவர் செய்ததும் சரிதான். இதில் யாரும் மனசாட்சி இல்லாதவர்கள் கிடையாது.

சித்தி கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டார். கண்ணாடி திறந்திருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் போர்வை தெரிகிறது, மூச்சு தெரியவில்லை, முகம் தெரியவில்லை. அந்தரங்கமும் போயிற்று, கண்காணிப்பும் போயிற்று.

அந்தக் காட்சியை அப்புறம் பலமுறை யோசித்துப் பார்த்தேன். மறைத்துக்கொள்ளும் வழியைப் பிடுங்கிவிட்டால், மனிதர்கள் வேறு வழியில் மறைத்துக்கொள்வார்கள். பாத்ரூமுக்குள் அதிக நேரம் இருப்பார்கள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார்கள், பெட்பேன் கேட்காமல் அடக்கிக்கொள்வார்கள், டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவார்கள். இதில் கடைசியாகச் சொன்னது வெறும் ஊகம் இல்லை. திரை மட்டும் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவுகளைப் பற்றிய ஆய்வுகளில், பக்கத்தில் கேட்டுவிடுமே என்று உடல்நல விவரத்தில் ஒரு பகுதியை மறைத்ததாகச் சில நோயாளிகளே சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது அந்தப் புடவைக்கு வருகிறேன். ஜெனரல் வார்டில் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு நிற்கும் புடவை ஒன்றும் உயர்ந்த ஏற்பாடு இல்லை. அதை ரொமான்டிக்காகப் பேச எனக்கு விருப்பமும் இல்லை. அதற்குத் துணி போதாது, ஆள் போதாது, யாரும் கூட வராத நோயாளிக்கு அதுவும் கிடையாது. ஆனால் அதில் ஒன்று இருக்கிறது. புடவையைப் பிடித்திருப்பவர் நோயாளியின் ஆள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் புடவை இறங்காது. விலை உயர்ந்த கண்ணாடியில் இல்லாதது இதுதான்.

மின்கண்ணாடி என்ன செய்கிறது

மின்கண்ணாடிக்குள் மெல்லிய பாலிமர் படலம் ஒன்று இருக்கிறது. அதில் திரவப் படிகத் துளிகள். மின்சாரம் இல்லாதபோது படிகங்கள் தாறுமாறாகக் கிடக்கும், வெளிச்சம் சிதறும், கண்ணாடி வெளுத்துப் போகும். மின்சாரம் பாய்ந்தால் படிகங்கள் ஒரே திசையில் நிற்கும், கண்ணாடி தெளியும். 1980களில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வளர்ந்த தொழில்நுட்பம் இது.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இது வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, தடுப்பதில்லை. மங்கலாக்கிய பிறகும் நடைபாதை டியூப்லைட் வெளிச்சம் ஏறக்குறைய அப்படியே உள்ளே வரும். இரவில் தூங்க நினைக்கிற நோயாளிக்கு இது திரைக்கு ஈடாகாது. பட்டைகள் இந்த விஷயத்தில் மேல். இரண்டாவது, கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பவரின் நிழலுருவம் தெரியும். உடை மாற்றுகிற இடம் கண்ணாடியை ஒட்டி இருந்தால் மறைப்பு அரைகுறைதான்.

மூன்றாவது, கரண்ட் போனால் வழக்கமான வகைக் கண்ணாடி மங்கலாகிவிடும். இது அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பு என்று கையேடு பெருமைப்படும். கூட்ட அறையில் சரி. ஐசியுவில் கரண்ட் போகிற அந்த நிமிடம்தான் நோயாளியை முதலில் கண்ணால் பார்க்க வேண்டிய நிமிடம். யுபிஎஸ் இணைப்பில் போட்டுவிடலாம்தான். போட வேண்டும் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும். மின்கண்ணாடியைக் கூட்ட அறைக்கும் மருத்துவமனைக்கும் ஒரே பக்கத்தில் விற்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் தேவை ஒன்றல்ல.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு குறை, காது. கண்ணுக்கு மறைத்துவிட்டதாலேயே பேச்சு மறைந்துவிடாது. சறுக்குக் கதவின் ஓரத்திலும் அடியிலும் இடைவெளி இருந்தால் சத்தம் அதன் வழியே தாராளமாகப் போகும். கண்ணாடி மூடியிருப்பதால் வந்த தைரியத்தில் டாக்டர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே பேசவும் கூடும்.

பராமரிப்பிலும் ஒரு விஷயம் உண்டு. பட்டைகள் அடைபட்ட கண்ணாடிக்குள் இருப்பதால் தூசி படியாது. அதே காரணத்தால், பொறி மாட்டிக்கொண்டால் கையை விட்டுச் சரிசெய்யவும் முடியாது. பெரும்பாலும் முழுக் கண்ணாடித் தொகுதியையே மாற்ற வேண்டியிருக்கும். அது வரும்வரை பாதி திறந்த நிலையில் நின்றுபோன பட்டைகளுக்குள் ஒருவர் படுத்திருப்பார். அல்லது யாராவது செய்தித்தாளை செலோடேப் போட்டு ஒட்டுவார்கள்.

சாவி போட்ட ஜன்னல்

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாகிற இடம் மனநல மருத்துவமனை. கயிறு இல்லாத, உள்ளே அடைபட்ட பிளைண்ட்ஸுக்கு அங்கே உயிர் காக்கும் காரணம் இருக்கிறது. தற்கொலை எண்ணம் உள்ளவர் அறையில் தொங்குகிற எதுவும் ஆபத்து. குழந்தைகள் வார்டிலும் அப்படியே. அதனால் இரண்டாவது வாக்குறுதியை நான் கேள்வி இல்லாமல் ஒத்துக்கொள்கிறேன்.

அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. வெளியே நிற்கும் ஊழியர் திருப்பினால் திறக்கும். ஆபத்து அதிகமென்று கருதப்படும் நோயாளியை 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பது பல நாடுகளில் நடைமுறை. கதவைத் திறந்து டார்ச் அடித்து எழுப்புவதைவிடக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போவது நோயாளிக்கே நல்லது, தூக்கம் கெடாது. ஆனால் பார்த்து முடித்ததும் அந்தக் கண்ணாடியை மூட வேண்டும். மூடாமல் விட்டால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பதற்காக வைத்த ஜன்னல், எல்லாரும் எப்போதும் பார்க்கிற ஜன்னலாகிவிடும். குமிழ் வெளியே மட்டும் இருந்தால், உள்ளே இருப்பவர் அதற்கு எதுவும் செய்ய முடியாது. இரண்டு பக்கமும் குமிழ் வைத்து, அவசரத்துக்கு ஊழியரின் சாவி மேலோங்கும்படி செய்யலாம். அப்படிச் செய்தால் பாதுகாப்பு எள்ளளவும் குறையாது. உள்ளே இருப்பவருக்குத் தன் கதவின் மேல் கொஞ்சம் உரிமை இருக்கும்.

சட்டம் இந்த விஷயத்தில் கட்டிடத்தைவிட முன்னே நிற்கிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, மனநல நிலையங்களில் உள்ளவர்களுக்கு அந்தரங்கத்தை உரிமையாகச் சொல்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டயத்திலும் மனித மாண்பும் அந்தரங்கமும் இருக்கின்றன. ஆனால் உரிமை என்பது காகிதத்தில் ஒரு சொல். கதவில் அது ஒரு குமிழாக இருந்தாக வேண்டும், உள்ளே இருப்பவரின் கைக்கு எட்டுகிற இடத்தில்.

படுத்திருப்பவரின் உயரம்

கைக்கு எட்டுவது என்றால் யார் கைக்கு? கட்டிட வரைபடங்களில் குமிழும் சுவிட்சும் நிற்கிறவரின் உயரத்தில் இருக்கும். நோயாளி படுத்திருக்கிறார். ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. உட்பக்கம் குமிழ் வைத்துவிட்டு, கட்டிலிலிருந்து எட்டடி தள்ளி வைத்தால் அது அலங்காரம்தான்.

ஃபின்லாந்தில் ஆல்வார் ஆல்டோ வடிவமைத்த பைமியோ காசநோய் மருத்துவமனை 1933இல் கட்டி முடிந்தது. படுத்திருக்கிற மனிதரை அளவுகோலாக வைத்து யோசித்த கட்டிடம் என்று அதைச் சொல்வார்கள். கூரை விளக்கு கண்ணில் அடிக்காதபடி, படுத்தவர் பார்வைக்கு அப்பால் வைக்கப்பட்டது. கூரைக்குக் கண்ணை உறுத்தாத அடர்நிறம் பூசினார்கள். அறைக்கு இரண்டு பேர். ஒருவர் கை கழுவும் சத்தம் மற்றவரை எழுப்பாதபடி தண்ணீர் சரிவாக விழும் தொட்டி. இதில் எதுவும் பெரிய தொழில்நுட்பம் கிடையாது. வரைபடத்தின் முன் உட்கார்ந்தவர் தன்னைக் கட்டிலில் கிடத்திப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்படிக் கிடத்திப் பார்த்து இந்தக் கண்ணாடியை மதிப்பிட்டால் எனக்கு மூன்று கேள்விகள் வருகின்றன. படுத்த இடத்திலிருந்து என்னால் இதை மூட முடியுமா? யாரும் எதுவும் செய்யாதபோது, அதாவது வழக்கமான நிலையில், இது திறந்திருக்குமா மூடியிருக்குமா? யாராவது வெளியிலிருந்து திறந்தால் எனக்குத் தெரியுமா? மயக்கத்தில் இருப்பவருக்கு முதல் கேள்வி பொருந்தாது. அவருக்குத் திறந்தே இருக்கட்டும், நர்ஸ் பார்க்கட்டும். உடல் துடைக்கும்போதும் பெட்பேன் வைக்கும்போதும் மூடுகிற பொறுப்பு செய்கிறவருடையது. நினைவோடு இருக்கிற, எழுந்து நடக்கக்கூடிய, சங்கடப்படுகிற நோயாளிக்கு மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும். மோட்டார் வைத்த வகையில் கட்டிலோரம் ஒரு பொத்தான் போதும், நர்ஸை அழைக்கிற மணிக்குப் பக்கத்தில். நர்ஸ் மேசையில் மேலோங்கும் பொத்தான் ஒன்று.

இந்த அளவுகோலில் வைத்தால், சுவிட்ச் நடைபாதையில் மட்டும் உள்ள எந்தக் கண்ணாடியையும் அந்தரங்கக் கண்ணாடி என்று சொல்ல முடியாது. துடைக்க எளிதான, பார்வைக்கு நல்ல, கண்காணிப்புக் கண்ணாடி என்று சொல்லலாம். அதுவும் பயனுள்ள பொருள்தான். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும்.

இந்த விஷயத்தில் என்னை அதிகம் உறுத்துவது, இதற்கு ஆராய்ச்சியோ கண்டுபிடிப்போ தேவையில்லை என்பதுதான். இரண்டு பக்கக் குமிழ் சந்தையில் இருக்கிறது, மேலோங்கும் சாவி இருக்கிறது, கட்டிலோரப் பொத்தான் இருக்கிறது. டெண்டர் ஆவணத்தில் கண்ணாடியின் தடிமன், சட்டத்தின் நிறம், எத்தனை வருட வாரண்டி எல்லாம் எழுதுகிற இடத்தில், குமிழ் எந்தப் பக்கம் என்று ஒரு வரி இருக்கும். ஒரு பக்கக் குமிழ் எளிது, மலிவு, பழுதும் குறைவு. அதை டிக் செய்கிறவர் அந்த அறையில் ஒரு ராத்திரிகூடப் படுக்கப் போவதில்லை.

புதிய மருத்துவமனை கட்டுகிற யாராவது இதை வாசித்தால் அவர்களிடம் கேட்க ஒன்றே ஒன்று உண்டு. முதல் அறை தயாரானதும், மொத்தக் கண்ணாடிக்கும் ஆர்டர் போடுவதற்கு முன்னால், வாங்கும் குழுவில் ஒருவர் மருத்துவமனை கவுனைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டிலில் ஒரு மணி நேரம் படுத்துப் பார்க்கட்டும். பகலில், நடைபாதையில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது. எழுந்து வந்து அந்த ஒரு வரியை அவரே நிரப்பட்டும்.